நாலு மாசச் சீசனுக்குப் பன்னிரண்டு மாசத் தவணையா?

குளிர்காலம் பிறந்தால் போதும், ஊரிலிருந்து ஃபோன் வர ஆரம்பித்துவிடும். "ஏம்ப்பா, டிவியில காட்டுறாங்களே வெள்ளை வெளேர்னு உப்புப் பாலைவனம், அது உங்க புஜ் பக்கம்தானே? எப்ப வரலாம்?" என்று. நானும் சளைக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். "நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள வாங்க. பௌர்ணமியை ஒட்டி வந்தா ரொம்ப நல்லது. மார்ச்சுக்கு மேல வந்துட்டு என்னைத் திட்டாதீங்க."

இந்தப் பதிலுக்குள்ளேயே கட்ச் மாவட்டச் சுற்றுலாவின் முக்கியமான பிரச்சினை ஒளிந்திருக்கிறது. அரசாங்கம் இங்கே செய்திருப்பது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வருஷத்தில் நாலு மாசம் மட்டும் நடக்கிற தொழிலுக்குப் பன்னிரண்டு மாசமும் தவணை கேட்கிறோம். கேட்கிறவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

கட்ச் என்பது சின்ன இடமில்லை. 45,674 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகம், அதுவும் ஒரே மாவட்டம். 2001 ஜனவரி 26-ஆம் தேதி காலையில், நாடே குடியரசு தினம் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, பூகம்பத்தில் தரைமட்டமான ஊர்கள் இவை. புஜ், பச்சாவ், அஞ்சார் எல்லாம் மறுபடி கட்டப்பட்டவை. அதன் பிறகு அரசு இரண்டு கையாலும் வேலை செய்தது. ஒரு கையில் தொழிற்சாலைகளுக்கு வரிச்சலுகை. 2001-லேயே கலால் வரி விலக்கு கொடுத்தார்கள், ஆலைகள் வந்தன. இன்னொரு கையில் சுற்றுலா.

2005-ல் சில நாள் திருவிழாவாக ஆரம்பித்த ரண் உத்சவ், இப்போது சீசன் முழுக்க நடக்கிறது. புஜ்ஜிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே தோர்டோ கிராமத்துப் பக்கம் ஒரு கூடார நகரமே எழும்பும். சீசன் முடிந்ததும் பெரும்பாலும் பிரித்து மூட்டை கட்டிவிடுவார்கள். 2010-ல் அமிதாப் பச்சனை வைத்து குஜராத் சுற்றுலாவுக்கு விளம்பரம் செய்தார்கள். அதற்கப்புறம் கூட்டம் எப்படி வந்தது என்பதை இங்குள்ள டாக்ஸிக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். 2021-ல் தோலாவிராவுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்தது. காவ்டாவிலிருந்து தோலாவிராவுக்கு உப்புவெளியின் நடுவே சாலை போட்டார்கள். இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் கறுப்பாய்த் தார் ரோடு. இப்போது பாதிப் பேர் அந்த ரோட்டில் நின்று ஃபோட்டோ எடுக்கத்தான் வருகிறார்கள் :-)

2022-ல் புஜ்ஜில் பூகம்பத்தில் இறந்தவர்கள் நினைவாக ஸ்மிருதிவனம் அருங்காட்சியகம் திறந்தார்கள். 2023 பிப்ரவரியில் ஜி-20 சுற்றுலாக் குழுவின் முதல் கூட்டம் தோர்டோவில் நடந்தது. அதே ஆண்டு ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பு தோர்டோவை உலகின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாக அறிவித்தது. 2024 செப்டம்பரில் அகமதாபாத்துக்கும் புஜ்ஜுக்கும் இடையே நமோ பாரத் ரயில் விட்டார்கள்.

சாலை, ரயில், விளம்பரம், விருது எல்லாம் ஆச்சு. குறை சொல்ல வாய் வரவில்லை. இவ்வளவையும் செய்துவிட்டு அரசு எதை எண்ணுகிறது? எத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்று தலையை எண்ணுகிறது. வந்தவர் விட்டுப்போன பணம் எங்கே போய்ச் சேர்ந்தது, எந்த மாசத்தில் சேர்ந்தது என்பதை யாரும் எண்ணுவதில்லை. பி.காம். படித்தவனுக்கு இது கொஞ்சம் உறுத்தும். விற்பனையை மட்டும் பார்த்துவிட்டு, ரொக்க வரத்து எப்போது என்று பார்க்காமல் போனால் நல்ல கம்பெனியும் படுத்துவிடும்.

வெள்ளை உப்புவெளிக்குப் போகும் வழியில் இருக்கும் புல்வெளிப் பிரதேசத்தின் பெயர் பன்னி. (சிரிக்காதீங்க, அதான் பேரு.) சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். மால்தாரிகள் என்று சொல்லப்படும் கால்நடை வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். அவர்கள் வளர்க்கும் பன்னி எருமையை 2010-ல் தனி இனமாகவே அங்கீகரித்தார்கள். பிரண்டியாரா என்ற ஊரில் வண்டியை நிறுத்தி அந்த எருமைப் பால் மாவா சாப்பிடாமல் யாரும் தாண்டிப் போவதில்லை. இன்னொரு விஷயமும் நம்ம ஆட்களுக்குப் புரியும். இந்தப் புல்வெளியைப் பாதிக்கு மேல் நாசம் பண்ணிக்கொண்டிருப்பது நம்ம ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலம்தான். உப்பு நிலம் பரவாமல் தடுக்க 1960-களில் வனத்துறை விதைத்தது. இங்கே அதற்கு 'காண்டோ பாவள்' என்று பெயர், அதாவது கிறுக்குக் கருவேலம். பெயர் வைத்தவர் வாயில் சர்க்கரை போடலாம்.

புல் குறையக் குறைய மாட்டை மட்டும் நம்ப முடியாது. அதனால்தான் சுற்றுலா வந்தபோது இந்த மக்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இவர்களுடைய வட்ட வடிவ மண்வீட்டுக்குப் 'பூங்கா' என்று பெயர் (நம்ம ஊர்ப் பூங்கா இல்லை). மண் சுவர், கூம்புக் கூரை, உள்ளே கண்ணாடிச் சில்லு பதித்த வேலைப்பாடு. 2001 பூகம்பத்தில் கான்கிரீட் கட்டடங்கள் சரிந்தபோதும் இந்த வட்ட வீடுகளில் பல அசையாமல் நின்றன. ஹோட்கா கிராமத்தில் மத்திய சுற்றுலா அமைச்சகமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து உதவ, கிராமக் குழுவே நடத்தும் 'ஷாம்-ஏ-சர்ஹத்' என்ற தங்குமிடம் உருவானது. வீடு அவர்களுடையது, சமையல் அவர்களுடையது, வருகிற பணமும் ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. அதைப் பார்த்துப் பக்கத்து ஊர்க்காரர்களும் இரண்டு மூன்று பூங்கா கட்டி வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள்.

கட்டுவதற்குக் காசு? அங்கேதான் எங்கள் கவுன்ட்டருக்கு வருகிறார்கள்.

மத்திய அரசு 2025-26 பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் தரப்படும் என்று அறிவித்தது. நல்ல அறிவிப்பு. பன்னி முழுக்க 1955-லேயே பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. வருவாய்த்துறைக்கும் வனத்துறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதால், வீட்டுமனைக்கு நம்ம ஊர்ப் பட்டா மாதிரி ஒரு காகிதம் காட்டுவது இங்கே பலருக்குக் குதிரைக்கொம்பு. அடமானம் கேட்காத முத்ராதான் இவர்களுக்கு ஒத்துவரும். சிஷு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. ஏற்கெனவே தருண் கடனை ஒழுங்காகக் கட்டியவருக்கு 20 லட்சம் வரைகூட உண்டு.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

ஒருவர் 5 லட்சம் கடன் வாங்கி மூன்று பூங்கா கட்டுகிறார். வட்டி 11 சதவீதம், ஐந்து வருஷம். மாதத் தவணை ஏறக்குறைய 10,870 ரூபாய். வருஷத்துக்கு 1,30,000-க்குக் கொஞ்சம் மேலே. சீசனில் மூன்று அறையும் 60 ராத்திரி நிறைகிறது, அறைக்கு 2,500 என்று வைத்துக்கொண்டால் வசூல் 4,50,000. சாப்பாடு, ஆள்கூலி, தண்ணீர் லாரி, ஏஜென்ட் கமிஷன் என்று ரெண்டு லட்சம் போகட்டும். மீதி இரண்டரை லட்சம். தவணை போக 1,20,000 கையில் நிற்கும். எருமைப் பால் வருமானம் தனி. கடன் கொடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாகக் கொடுக்கலாம். வருஷக் கணக்கில் இது லாபத் தொழில்.

இப்போது அதையே மாசக் கணக்கில் பாருங்கள். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை எட்டு மாசம் வசூல் கிட்டத்தட்டப் பூஜ்யம். வெயில் 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும். மழைக்காலத்தில் உப்புவெளி முழுக்கத் தண்ணீர் நிற்கும், பார்க்க வெள்ளையே இருக்காது. அந்த எட்டு மாசத்துக்கும் தவணை மட்டும் 87,000 ரூபாய். ஏப்ரல், மே மாசங்களில் புல் காய்ந்து மாட்டுத் தீவனம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். கல்யாணம் கார்த்தி இருக்கும். தவணை ஒன்று தவறும், அப்புறம் இரண்டு.

அதன் பிறகு நடப்பது மனிதர் கையில் இல்லை, கம்ப்யூட்டர் கையில். ஒரு நாள் தாண்டினால் எஸ்எம்ஏ-0. முப்பது நாள் தாண்டினால் எஸ்எம்ஏ-1. அறுபது தாண்டினால் எஸ்எம்ஏ-2. தொண்ணூறு நாள் தாண்டினால் வாராக்கடன். மே மாசத் தவணை தவறியவர் ஆகஸ்டில் வாராக்கடன்காரர் ஆகிவிடுவார். நவம்பரில் முதல் பஸ் வந்து நிற்கும்போது அவர் சிபில் மதிப்பெண் கீழே கிடக்கும். அடுத்த பூங்காவுக்கோ, கூரை மாற்றவோ, சோலார் போடவோ யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள். இத்தனைக்கும் ஜனவரியில் வந்து முழு பாக்கியையும் எண்ணி வைத்துவிட்டுப் போவார்.

வசூலுக்குப் போன இடத்தில் ஒரு மால்தாரிப் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சாஹேப், வத்திப்போன எருமைகிட்ட உக்காந்து பால் கற, பால் கறன்னா அது என்ன பண்ணும்?" என்னிடம் பதில் இல்லை. "சுற்றறிக்கை அப்படி இருக்கு பாய்" என்பது ஒரு பதிலா?

இதே பெரியவர் பருத்தியோ ஆமணக்கோ போட்டிருந்தால் கதையே வேறு. பயிர்க்கடனுக்கு மாதத் தவணை கிடையாது. அறுவடை முடிந்து விற்ற பிறகு கட்டலாம். வாராக்கடன் விதியும் தனி. குறுகிய காலப் பயிர் என்றால் இரண்டு பருவம், நீண்ட காலப் பயிர் என்றால் ஒரு பருவம் தாண்டினால்தான் வாராக்கடன். எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் தொழில்நுட்பக் குழு கூடி வருஷா வருஷம் முடிவு செய்கிறது. விவசாயியின் வருமானம் பருவத்தைப் பொறுத்தது என்று நாம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டோம். சுற்றுலாவும் இங்கே ஒரு பயிர்தான். குளிரில் விளையும், வெயிலில் காயும். அதை ஒப்புக்கொள்ள மட்டும் ஏன் இவ்வளவு தயக்கம்?

தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு இது சொல்லியே தெரிய வேண்டியதில்லை. குற்றாலத்தில் சாரல் இருக்கிற மூன்று மாசம் லாட்ஜில் ரூம் கிடைக்காது, கடையில் நிற்க இடமிருக்காது. மற்ற மாசங்களில் ஈயாடும். அங்கே கடை போடுகிறவருக்குச் சீசன் வியாபாரத்தில் வருஷச் செலவை எடுக்க வேண்டும் என்பது பால பாடம். வியாபாரிக்குத் தெரிந்தது எங்கள் கடன் படிவத்துக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"சீசன்ல வர்ற பணத்தை எடுத்து வெச்சு மாசாமாசம் கட்ட வேண்டியதுதானே?" என்று என் சக அதிகாரிகளே கேட்கிறார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் கையில் இருக்கிற பணத்தை எட்டு மாசம் தொடாமல் வைத்திருப்பது, தீவனத்துக்கு மாடு கத்தும்போது, நடக்கிற காரியமில்லை. மாசச் சம்பளம் வாங்குகிற நாமே இருபதாம் தேதிக்கு மேல் தள்ளாடுகிறோம். சீசனிலேயே மொத்தத் தவணையையும் வங்கி வாங்கிக்கொண்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி. பணம் கையில் இருக்கும்போது கேட்பதுதானே புத்திசாலித்தனமான வசூல்?

"ஒரு சீசன் படுத்தா முழு வருஷத் தவணையும் போயிடுமே" என்பது இன்னொரு கேள்வி. இது நிஜமான பயம். 2020-ல் கொரோனா வந்தது. 2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் இதே கட்ச் கடற்கரையில் ஜக்காவ் பக்கம் கரை கடந்தது. 2025 மே மாசம் எல்லைப் பதற்றத்தில் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். கடைசி இரண்டும் சீசன் இல்லாத மாசம் என்பதால் தப்பித்தோம். ஆனால் சீசன் படுத்தால் மாதத் தவணைக்காரர் மட்டும் என்ன, கட்டிவிடவா போகிறார்? இரண்டு வகையிலும் நஷ்டம் ஒன்றுதான். கொரோனாவில் ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணைக்கு அவகாசம் கொடுத்ததே, ஆபத்து வந்தால் வழி கண்டுபிடிக்கத் தெரியாதவர்களா நாம்? பயிருக்குக் காப்பீடு இருப்பது போல, இதற்கும் ஒன்று யோசிக்கலாம்.

வரிச்சலுகை கொடுத்திருக்கிறார்களே என்றும் சொல்வார்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து 7,500 ரூபாய் வரையான அறை வாடகைக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமானது. விருந்தினருக்கு நல்லது. ஆனால் வருஷத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழே வசூல் இருக்கிற பூங்காக்காரர் ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. ஆன்லைன் தளம் வழியாக வரும் விருந்தினர் கட்டும் வரி குறையும், நேரில் வந்து தங்குகிற கணக்கில் அவருக்குக் குறைய ஒன்றுமில்லை. பெரிய ஹோட்டலை மனதில் வைத்துப் போடும் திட்டம் சின்னவர் வீட்டு வாசலில் வந்து நின்றுவிடும், உள்ளே போகாது.

என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவது நாலு.

1. சுற்றுலாக் கடனுக்குப் பருவத் தவணை. மேலே சொன்ன அதே கடனை டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று நாலே தவணையாக்கினால் ஒவ்வொன்றும் சுமார் 32,600. வட்டிக் கணக்கில் கொஞ்சம் முன்பின் இருக்கும். மார்ச் 31-க்குள் பணம் வந்துவிடும், ஆண்டு முடிவுக் கணக்குக்காக நாங்களும் நாக்குத் தள்ள வேண்டாம். கடன் வாங்குபவரின் வரவுக்கு ஏற்ப ஒப்பந்தத்திலேயே தவணைத் தேதியை எழுதலாம், விதியில் இடமிருக்கிறது. ஆனால் கிளை மேலாளர் ஒருவர் துணிந்து தனியாகச் செய்தால் தணிக்கையில் கேள்வி வரும். மேலிருந்து திட்டமாக வந்தால்தான் எல்லாரும் செய்வார்கள்.

2. அதற்கு மாவட்டக் குழு. பயிருக்கு இருப்பது போல, எந்த ஊருக்கு எது சீசன் என்று தீர்மானிக்க வேண்டும். பன்னிக்கு நவம்பர் முதல் பிப்ரவரி. மாண்ட்வி கடற்கரைக்கு வேறு. மாநில அளவிலான வங்கியாளர் குழுவில் சுற்றுலாத் துறையும் உட்கார்ந்து பேசினால் ஒரு கூட்டத்தில் முடிகிற வேலை.

3. சீசனை நீட்டுவது. வெள்ளை உப்பு குளிரில் மட்டும்தான். ஆனால் ஸ்மிருதிவனமும், புஜோடியின் நெசவும், நிரோணாவின் ரோகன் ஓவியமும், அஜ்ரக்பூரின் அச்சுத்துணியும் வருஷம் முழுக்க இருப்பவை. அஜ்ரக்பூர் என்ற ஊரே பூகம்பத்துக்குப் பிறகு பிறந்தது. தமட்காவில் தண்ணீரில் இரும்பு கூடி சாயம் சரியாகப் பிடிக்காமல் போக, அந்தக் கைவினைஞர்கள் இடம் மாறி வந்து உண்டாக்கிய ஊர். விளம்பரப் பணத்தில் ஒரு பங்கை ஆகஸ்ட், செப்டம்பருக்கு ஒதுக்கினால் இவர்கள் பிழைப்பார்கள்.

4. எண்ணுவதை மாற்றுவது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, எத்தனை ராத்திரி கிராமத்து வீடுகளில் தங்கினார்கள், எந்தெந்த மாசம் தங்கினார்கள் என்றும் அரசு வெளியிடட்டும். அந்த ஒரு அட்டவணை இருந்தால் கடன் கொடுக்கிற எங்களுக்கும் தைரியம் வரும். இன்றைக்கு வாடிக்கையாளர் சொல்லும் கணக்கை நம்புவதைத் தவிர வழியில்லை.

இதில் எதற்கும் நூறு கோடி தேவையில்லை. சாலை போட்டதிலும் ரயில் விட்டதிலும் செலவான பணத்தில் தூசு. ஒரு சுற்றறிக்கை, ஒரு குழு, ஒரு அட்டவணை. இது நடக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். சின்னவர்கள் ஒவ்வொருவராக வாராக்கடனில் விழுந்து ஒதுங்குவார்கள். கையில் முதல் இருக்கிற வெளியாட்கள் வந்து, அதே பூங்காவை ஏசி போட்டுக் கட்டுவார்கள். மால்தாரி வீட்டுப் பையன் அங்கே மாசச் சம்பளத்துக்கு, அதுவும் நாலு மாசச் சம்பளத்துக்கு, பெட்டி தூக்குவான். தலை எண்ணிக்கை அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். அமைச்சர்கள் சந்தோஷமாகத்தான் அறிவிப்பார்கள்.

டிஸ்கி: இது என் சொந்தக் கருத்து. நான் வேலை பார்க்கும் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தவணை பாக்கி இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு சந்தோஷப்பட வேண்டாம். சுற்றறிக்கை வரும்வரை மாசாமாசம்தான் :-)